குறுக்கு வழிக்கு ஒரு ஸ்கூட்டர்

நபீஹாவின் வீடு கிரெம்தா சாலையின் ஆறாவது கிலோமீட்டரில். அவள் வேலை பார்க்கும் காலணிப் பட்டறை அல் ஐன் சாலையின் ஏழாவது கிலோமீட்டரில். இரண்டுக்கும் நடுவே நேராகக் கயிறு பிடித்தால் நாலு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் துனீசியாவில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரில் சாலைகள் எல்லாம் கோட்டை வாசலிலிருந்து கைவிரல்கள் மாதிரி விரிந்து போகின்றன. பஸ் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவுவதில்லை. நபீஹா தினமும் விடியற்காலையில் பஸ் ஏறி, கோட்டை வாசலான பாப் ஜெப்லிக்குப் போவாள். அங்கே இறங்கி, கூட்டத்தில் முட்டி மோதி ஒரு ஷேர் டாக்ஸி பிடித்து, உள்ளே வந்த அளவு தூரம் மறுபடி வெளியே போவாள். நல்ல நாளில் ஒன்றேகால் மணி நேரம். மழை நாளில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பதினாறு வருடமாக இதே பாடுதான்.

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. பெண்கள் செருப்புக்கு மேல்தோல் தைப்பது அவள் வேலை. குதிகால் பக்கம் வரும் வளைவை அவள் மாதிரி ஒரே ஓட்டத்தில் தைத்து முடிக்க அந்தப் பட்டறையில் வேறு ஆள் கிடையாது. பட்டறை முதலாளி கமாலுக்கும் அது தெரியும். தெரிந்தும், நவம்பர் மாதம் இரண்டாவது முறையாக அவள் தாமதமாக வந்தபோது தனியாகக் கூப்பிட்டு, லல்லா என்று மரியாதை வைத்தே பேசினார்.

"லல்லா நபீஹா, உங்க கைவேலைல குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நீங்க தைச்சுக் குடுத்தாத்தான் அடுத்தவன் ஒட்டுவான், அவன் ஒட்டினாத்தான் அதுக்கடுத்தவன் அடித்தோல் வைப்பான். நீங்க வரலைன்னா ஒம்பது பேர் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த மிஷின்ல வேற ஆள உக்கார வெச்சுடுவேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

நபீஹா தலையை ஆட்டிவிட்டு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டில் வருமானம் என்று இருந்தது அந்த மிஷின் ஒன்றுதான். கணவன் ஸுஹேர் நாலு வருடமாக வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

பக்கத்து மிஷின் மப்ரூக்காதான் பேச்சை எடுத்தாள்.

"கழுதை வண்டில வந்தாக்கூட உன்னவிட சீக்கிரம் வந்துடலாம்டி. எதிர்ல பாரு. சீனாக்காரன் உனக்காகவே வரிசையா நிறுத்தி வெச்சிருக்கான்."

எதிரில் அனீஸ் என்பவன் புதிதாக ஒரு கடை திறந்திருந்தான். சீனாவிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய ஸ்கூட்டர்கள். சிவப்பு, வெள்ளை, கத்தரிப்பூ நிறம். ஒரு நல்ல பிரெஞ்சு மொபெட்டின் பாதி விலைகூட இல்லை. நபீஹாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் ஸுஹேரின் மொபெட்டை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் வந்தவள்தான். எங்கள் ஊரில் பெண்கள் வண்டி ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வண்டி வாங்குவதற்கு முன்னால் மெக்கானிக்கைக் கேட்பது எங்கள் வழக்கம். பெண் பார்க்கப் போகும் முன்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டோம். நபீஹா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாத்லியின் கொட்டகைக்குப் போனாள். ஸுஹேரின் மொபெட்களை இருபது வருடம் பழுது பார்த்தவர் அவர்.

"அதுவா?" என்று ஷாத்லி மூக்கைச் சுளித்தார். "அது வண்டி இல்லம்மா. பொம்மைக்கு பெட்ரோல் ஊத்தி வெச்சிருக்கான்."

"அப்ப வேணாங்கறீங்களா?"

"நான் எங்க வேணாம்னேன்? ஊர்ல பாதிப் பேரு அதத்தான் வெச்சிருக்கான். மூணு மாசத்துக்கு ஒருக்கா என்கிட்ட வந்து நிப்பான். என் பொண்ணு கல்யாணத்துக்குத் துணி எடுத்ததே அந்த பொம்மை குடுத்த காசுலதான். அத வாங்காதேன்னு என் வாயால சொல்வேனா?"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷாத்லி கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சக்கரம் சின்னது. தார் ரோட்ல தங்கமா போகும். மணல்ல எறக்கினியோ, நீதான் அத தூக்கிட்டுப் போகணும். ஆமா, ஸுஹேர் சம்மதிச்சுட்டானா?"

அதுதான் இல்லை.

ஸுஹேர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவனாக இருந்தவன். நாலு வருடத்துக்கு முன்னால் வளையச் சாலையில் ஆலிவ் மூட்டை ஏற்றி வந்த ஒரு சிறிய லாரி அவன் மொபெட்டைத் தட்டிவிட்டது. இடுப்பெலும்பு மூன்றாக உடைந்தது. நபீஹா ஸ்கூட்டர் பேச்சை எடுத்த மூன்று முறையும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"இந்த வாசல்ல இன்னொரு ரெண்டு சக்கர வண்டி நிக்கக் கூடாது."

"வேலை போயிடும் ஸுஹேர்."

"பஸ்ஸ ஒண்ணு முன்னாடி புடி."

"முன்னாடி பஸ்ஸே கெடையாது. நானே ஓட்டினாத்தான் உண்டு."

"அப்ப அத ஓட்டு. பெரிசா இருக்கும், யாரும் இடிக்க மாட்டான்."

அவன் இப்படி வேடிக்கையாகப் பேசினால் அதற்கு மேல் பேச்சு நகராது என்று அவளுக்குத் தெரியும். அவன் பயத்தை மதித்து அவளும் விட்டுவிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

அவளுக்கு ஒரே ஆறுதல் நாத்தனார் வஸீலா. அதே வளவில் பின்னறையில் இருப்பவள். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. விடியும் முன் நபீஹா சமைத்து வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் வஸீலா வந்து சூடு பண்ணி அண்ணனுக்குப் பரிமாறுவாள். பன்னிரண்டேகாலுக்கு நபீஹா பட்டறையிலிருந்து போன் செய்வாள். "சாப்பிட்டியா?" "ஆச்சு. உன் குழம்புல உப்புதான் கொஞ்சம் தூக்கல்." அதோடு வைத்துவிடுவான். அந்த ஒரு குறையைக் கேட்டால்தான் அவளுக்குத் தன் ரொட்டி உள்ளே இறங்கும்.

டிசம்பர் முதல் வாரம் அனீஸ் அவளை வழியில் மறித்தான்.

"பாத்துக்கிட்டே இருந்தா வண்டி கெழவியாயிடும் லல்லா. ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. கடை வண்டி இருக்கு, நான் வீட்டுக்குப் போறது வர்றது அதுலதான். அடையாள அட்டையை வெச்சுட்டுப் போங்க. இடைவேளைக்குள்ள திரும்பிடணும்."

பன்னிரண்டு முதல் ஒரு மணி வரைதான் இடைவேளை; அதற்குள் எங்கே போவது என்று நபீஹா யோசித்து வைத்திருக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான், வண்டி தானாக வலப்பக்கம் திரும்பியது போல, வீட்டுப் பக்கம் போகும் சந்தில் நுழைந்தாள். நிஜமான பரீட்சை அதுதானே. வளையச் சாலைப் பக்கம் அவள் போக மாட்டாள். இரண்டு சாலைகளுக்கும் நடுவே ஆலிவ் தோப்புகளும், மண் கரைமேல் சப்பாத்திக்கள்ளி வளர்ந்த சந்துகளும்தான். அறுவடைக் காலம். மரத்தடியில் வலை விரித்து ஏணி சாய்த்திருந்தார்கள். ஏணிமேலிருந்து ஒரு பெண், "மெதுவா போ தங்கச்சி, ஆலிவ் எல்லாம் புழுதியாவுது!" என்று கத்தினாள்.

பாதி வழியில் ஷாத்லி சொன்னது நடந்தது. மணல். பின்சக்கரம் கோழி கிளறுவது போலக் கிளறிவிட்டு நின்றது. நபீஹா இறங்கி இருநூறு அடி தள்ளினாள். செருப்புக்குள் மணல், கழுத்தெல்லாம் வியர்வை. இந்த வண்டி வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். திரும்பிப் போகலாம் என்றால் பட்டறை வீட்டைவிடத் தூரமாக இருந்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் வண்டியை நிறுத்தும்போது பன்னிரண்டு இருபத்தைந்து. வேலை நாளில் அந்த நேரத்து வெயில் தன் வீட்டு முற்றத்தில் எந்த இடத்தில் விழும் என்று அவள் பார்த்து வருடங்களாகியிருந்தன.

ஸுஹேர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய். நேற்றைய ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"வஸீலா எங்க?"

"இப்பத்தான் போனா."

நபீஹா அடுப்படிக்குப் போனாள். மீன் குழம்புப் பானையை அவள் காலையில் எப்படி மூடி வைத்தாளோ அப்படியே இருந்தது. பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்கு ஸுஹேர்."

வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அடுப்பில் பானையை ஏற்றி இறக்க அவனால் முடியாது. இது இருவருக்கும் தெரியும்.

"எத்தன நாளா?"

"செப்டம்பர்ல இருந்து." அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "அவளுக்கு பேக்கிங் கம்பெனில வேலை கெடச்சிருக்கு. நாலு மணிக்கு வந்துடுவா. வந்து சூடு பண்ணிக் குடுப்பா. நீ வர்றதுக்குள்ள பானையக் கழுவி வெச்சுடுவா. அவளத் திட்டாத. நான்தான் உன்கிட்ட சொல்லாதேன்னேன்."

"மூணு மாசம்! தெனம் என்கிட்ட உப்பு தூக்கல்னு சொன்னியே! சாப்பிடாத குழம்புல உப்பப் பாத்தியா நீ?" நபீஹா பானை மூடியைத் தட்டென்று கீழே வைத்தாள். "நான் அங்க உக்காந்து நிம்மதியா தின்னேனே ஸுஹேர்!"

"தெரிஞ்சிருந்தா நீ வேலைய விட்டிருப்ப. இல்லேன்னா அவள விடச் சொல்லியிருப்ப. முப்பத்தெட்டு வயசுல மொத தடவையா அவ கைல அவ காசு நிக்குது. மொத சம்பளத்துல எனக்கு ஒரு சட்ட எடுத்துட்டு வந்து நின்னா. எனக்கு மத்தியானம் சோறு வேணும், நீ வீட்டுலயே கெடன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

நபீஹா அடுப்பைப் பற்ற வைத்தாள். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஸ்கூட்டர் வேணாம்னியே, அதுவும் இதுக்காகத்தானா?"

ஸுஹேர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"பயமும் உண்டு," என்றான். "ஆனா வண்டி இருந்தா ஒரு நாள் மத்தியானம் வந்து நிப்பன்னு தெரியும். இன்னிக்கு நிக்கிற."

அவள் அழுதாள். அதிக நேரம் அழ அவளுக்கு அவகாசம் இல்லை. ஒரு மணிக்கு மிஷினில் இருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் வேகமாகச் சாப்பிட்டான். மூன்று மாதத்து மத்தியானப் பசியை அவன் மறைக்க முயன்றதாகத் தெரியவில்லை. பாதித் தட்டு காலியான பிறகு கேட்டான்.

"எந்த வழியா வந்த?"

"இடிஞ்ச கொட்டா பக்கத்து சந்து. மணல்ல மாட்டிக்கிச்சு. தள்ளிட்டு வந்தேன். இந்த வண்டி நமக்கு ஒத்து வராது."

"அந்த சந்துல ஒட்டகமே மாட்டிக்கும். யாராச்சும் அந்த வழில வருவாங்களா?" ஸுஹேர் ரொட்டித் துண்டால் மேஜைமேல் கோடு இழுத்தான். "இங்க பாரு. வெளில போனதும் ஷஅபூனி வீட்டு மதிலை ஒட்டியே போ. தண்ணித் தொட்டி வரும். தொட்டிக்கு இடப்பக்கம் திரும்பு. பாதாம் மரமா வரும். அந்தத் தரை கெட்டி, மழையிலயும் எறங்காது. கடைசில பச்சை கேட்ல ஒரு நாய் வரும். கொலைக்கும், கடிக்காது. நீ பாட்டுக்குப் போ, நிறுத்தாத."

"கடிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கடிச்சா நான் மீட்டரே எழுதியிருக்க மாட்டேனே!"

அவள் கிளம்பும்போது ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்க்கச் சொன்னான். அவள் இழுத்தாள். இன்னும் இறுக்கு என்றான். இறுக்கினாள்.

தொட்டிக்கு இடப்பக்கம் பாதாம் மரங்கள் இருந்தன. தரை கெட்டியாக இருந்தது. நாய் குரைத்தது. பதினொரு நிமிடத்தில் அனீஸின் கடை வாசலில் இருந்தாள். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கமால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார், தன் மேஜைக்குப் போனார்.

மாலையில் அவள் அனீஸிடம் போனபோது அவன் பெட்டியிலிருந்து புதிது எடுக்கவா என்றான். என்ன நிறம் என்றும் கேட்டான்.

"நிறம் கெடக்கட்டும்," என்றாள் நபீஹா. "பெரிய சக்கரத்துல இருக்கா?"

இருந்தது. வெள்ளை ஒன்று, இரண்டு அங்குலம் பெரிய சக்கரத்தோடு, விலை கொஞ்சம் கூட. பார்க்க அழகாக இல்லை என்று யாரும் தொடாமல் மூலையில் கிடந்ததாம். அதையே எழுதச் சொன்னாள். ஷாத்லியின் பொம்மைகளில் அதுவும் ஒரு பொம்மைதான். அடிக்கடி கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினாள்.

வஸீலாவிடம் அவள் கோபமாக எதுவும் பேசவில்லை. "வேலை எப்படி இருக்கு? நின்னுக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டாள். வஸீலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அழாத. நாளைலேருந்து நீ நாலு மணிக்கு ஓடி வர வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு பதினேழுக்கு நபீஹா வீட்டுக்குள் வந்தபோது மேஜைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. ஸுஹேர் வாக்கரை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக இரண்டு நடை நடந்து வைத்திருந்தான். ஹரீஸா மிளகாய் விழுதுக் கிண்ணமும் இருந்தது. குழம்பு சூடானதும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவனே கடிகாரத்தைப் பார்த்து, "கெளம்பு," என்றான்.

நபீஹா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.