டிரம்மர் பாடிய பக்கம்

கேட்காத பாட்டைப் பற்றி எழுதக் கூடாது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. சேலத்தில் ஒரு நாளிதழில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. அங்கே விபத்து என்றால் இடத்துக்குப் போக வேண்டும். சந்தை விலை என்றால் ஏலம் தொடங்கும்போது காதால் கேட்க வேண்டும். அடுத்தவர் சொன்னதை வாங்கி எழுதினால் செய்தி ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார், திட்டக்கூட மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவிக்குக் கொல்லிமலையில் செவிலியர் பணி கிடைத்தது. செம்மேட்டில் வாடகைக்கு வீடு எடுத்தோம். மழை, மிளகு விலை, சாலை மண்சரிவு என்று நாளிதழுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திகள் அனுப்புவேன். மீதி நேரம் எனக்கு. அப்போதுதான் சென்னையில் சிற்றிதழ் நடத்தும் நண்பர், ஒரு பிரிட்டிஷ் இசைக்குழுவின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். கல்லூரி நாளிலிருந்தே அந்தக் குழுவைப் பற்றிப் பேசி அவரைச் சலிக்கவைத்தவன் நான். பதிலுக்குப் பதில் என்று நினைத்திருப்பார்.

வரலாறு எனக்கு அநேகமாகத் தெரியும். இங்கிலாந்தின் தெற்கே, பெரிய மாதாகோயிலைச் சுற்றி வளர்ந்த ஒரு பழைய ஊர். அங்கே பள்ளிக்கூட நண்பர்கள் சிலர் ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தாங்களும் வாசிக்கத் தொடங்கினார்கள். அறுபதுகளின் நடுவில் லண்டனுக்குப் போனார்கள். பின்திரையில் வண்ண எண்ணெய்கள் குமிழியிட்டு உருக, பாதித் தூக்கத்தில் பேசுவது போன்ற பாடல்களை வாசித்தார்கள். அதற்கு அப்போது சைகடெலிக் என்று பெயர். பிறகு சாக்ஸபோன் வந்தது. ஜாஸும் ராக்கும் கலந்தன. உருப்படிகள் நீண்டன, வார்த்தைகள் குறைந்தன. கடைசியில் பாடுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் கேட்டிருந்ததெல்லாம் அந்தப் பிந்தைய, பாட்டில்லாத காலம். இரண்டு காலத்துக்கும் நடுவில் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் முழுக்க டிரம்மர் பாடுகிறார். அதற்குப் பிறகு அந்தக் குழுவின் இசைத்தட்டில் அவர் குரல் இல்லை. அந்த வரலாறு திரும்பும் இடமே அந்தப் பக்கம்தான். அதை மட்டும் நான் கேட்டதில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்திருந்தேன், அவ்வளவே. அதைக் கேட்காமல் கட்டுரை இல்லை என்று நண்பருக்கு எழுதினேன்.

பெங்களூரில் ஒருவரிடம் அது இருந்தது. பிந்தையவற்றை விட்டுவிட்டு, முதல் மூன்று இசைத்தட்டுகளையும் மூன்று கேசட்டுகளாக அனுப்பினார். மேலே எண்கள் மட்டும். அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போகிறார், அதற்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டர் நாடாவைத் தின்னும். எங்கள் கல்யாண நாதஸ்வரத்தை ஏற்கெனவே தின்றிருந்தது. இரவல் கேசட்டை அதன் வாயில் வைக்க மனைவி விடவில்லை.

"வாராவாரம் ஜீப்புலதான சந்தைக்குப் போறீங்க? அதுல போட்டுக் கேளுங்க. அந்த டிரைவருதான் ஊரையே கூட்டுற மாதிரி பாட்டு வெக்கறாரே" என்றாள்.

சந்தை நாளில் சோளக்காட்டிலிருந்து மிளகும் வாழையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சிக்கு இறங்கும் ஜீப் அது. மிளகு விலை கேட்க நானும் அதில்தான் போவேன். டிரைவர் முப்பது வயதுக்காரர், மலையிலேயே பிறந்தவர். வண்டியைவிட டேப் செட்டுக்கு அதிகம் செலவழித்தவர் என்று பேச்சு. கேசட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"படம் பேரே போடலீங்களே சார்?"

"படம் இல்லீங்க. வெளிநாட்டுக் குழு. வண்டியை நிறுத்தி வெச்சு ஒரு மணி நேரம் கேட்டுக்கட்டுமா?"

"பேட்டரி செத்துக் கெடக்குதுங்க. வண்டி ஓடுனாத்தான் பாட்டு. நிறுத்திப் பாட்டு வெச்சா அப்புறம் நீங்கதான் தள்ளோணும்."

ஆகவே ஓடும் வண்டியில் கேட்டேன். மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிரைவரின் இடது கை குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கும். கீழிருந்து ஏறும் வண்டியின் ஹாரன் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பார். திரும்பியதும் கூட்டுவார். முதல் கேசட்டை இப்படித் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். சுமாராக ஒட்டவைத்துக் குறிப்பெடுத்தேன்.

எனக்கும் டிரைவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் அம்மாள் உட்காருவார். மலையில் அரியூர் நாடு என்ற பகுதியில் மிளகுக்கொடி வைத்திருப்பவர். மிளகு மூட்டை பின்னால் இருக்கும். அவர் முன்னால் இருந்து அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

"ஏங் கண்ணு, டேப்பு கெட்டுப்போச்சா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"இல்லீங்க பெரிம்மா. சார் கொண்டாந்த பாட்டு."

"பாட்டா? பண்டபாத்திரத்தப் படிக்கட்டுல உருட்டி உட்டாப்ல இருக்குது."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மலையில் வாழைத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்த காளப்பநாயக்கன்பட்டி விவசாயி. "சும்மா கேளுங்கம்மா. நம்ம வண்டிச் சத்தத்துக்கு இது தேவலாம்."

கொஞ்ச தூரம் போனதும் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "யாருங்க சாமி இவிங்கெல்லாம்?"

சொன்னேன். நாலு பேராகத் தொடங்கியதைச் சொன்னேன். கிடார் வாசித்தவர் குழுவோடு பிரான்சுக்குப் போய்த் திரும்பியபோது, அவர் ஆஸ்திரேலியக்காரர், விசாவில் ஏதோ குறை என்று இங்கிலாந்துத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"கூட்டாளிக?"

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்க."

"உட்டுப்போட்டா? அடப் பாவத்த! அப்புறம் அவரு?"

"பிரான்சுலயே இருந்து இன்னொரு குழு ஆரம்பிச்சிட்டார்."

"கெட்டிக்காரரு. அப்ப மிச்சம் மூணு பேரு."

அடுத்த சந்தை நாளில் இரண்டாவது கேசட் ஓடியது. ஏறியதும் அவரே கேட்டார்: "அந்த மூணு பேரு சவுக்கியமா?"

அதில் ஒருவர், பாடியவர், ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போய்க் தன் பாஸ் கிடாரை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்றேன். புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள் என்றும் சொன்னேன்.

"புதுசு கணக்குல வராதுங்க சாமி. மொதல்ல இருந்தவிங்களச் சொல்லுங்க."

"ரெண்டு பேர். ஆர்கன் வாசிக்கிறவரும் டிரம்மரும்."

"நம்ம வண்டியும் அப்படித்தானுங்க" என்றார் டிரைவர். "இஞ்சின் மாத்தியாச்சு, பாடி மாத்தியாச்சு."

"பிரேக்க மட்டும் மாத்தலயாட்ட இருக்குது" என்றார் விவசாயி. வண்டி முழுக்கச் சிரித்தது. டிரைவர் அடுத்த வளைவில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினார். விவசாயி வாழைத்தாரின் மேல் போய் விழுந்தார்.

மூன்றாவது கேசட்டை எடுத்துப் போன நாளில் நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அதன் முதல் பக்கத்தில் சாக்ஸபோன். பக்கம் முடிந்து திருப்பிப் போட்டால் டிரம்மர். மலை இறங்குவதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்றைக்கு டிரம்மர் பாடுவார் என்று அம்மாளிடமும் சொல்லியிருந்தேன். பாதி மலையில், இரண்டு வளைவுகளுக்கு நடுவே, டிரைவர் திடீரென்று வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

"லாரி ஹாரன் அடிச்சுதே?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதே ஹாரன் மறுபடி, அவருடைய ஸ்பீக்கரிலிருந்தே அடித்தது. சாக்ஸபோன்காரர் கீழ்ச்சுருதியில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருந்தார். நாமக்கல் லாரிகளின் ஏர்ஹாரன் அச்சாக அதே குரல்தான். அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சீமையில இருக்கற லாரிக்கு இங்க ஒதுங்கறியே கண்ணு!"

டிரைவரும் சிரித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். இன்னும் சில வளைவு தாண்டி மறுபடி ஹாரன். அவர் புன்னகையோடு என்னைப் பார்த்தார்; நிறுத்தவில்லை. இது உண்மையான லாரி. மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போகும் வெற்று லாரி; அதன் மூக்கு வளைவில் எங்கள் எதிரே வந்து நின்றது. இரண்டு டிரைவர்களும் பிரேக்கை நன்றாக மிதித்தார்கள். எங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடி மடங்கியது. வேறு எதுவும் ஆகவில்லை. லாரிக்காரர் சொன்னவற்றை நாளிதழிலும் போட முடியாது.

டிரைவர் கேசட்டை வெளியே எடுத்தார். டிரம்மரின் பக்கம் அப்போதும் தொடங்கியிருக்கவில்லை.

"இல்லாத லாரிக்கு நிக்கறேன், வர்ற லாரிக்கு நிக்க மாட்டேங்கறேன். இது வேண்டாமுங்க சார். வண்டி நெறைய உசுரு இருக்குது."

கேசட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

அடுத்தடுத்த சந்தை நாட்களில் சினிமாப் பாட்டு ஓடியது. சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொல்லி, பெங்களூரிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்தது. கேசட்டுகளைப் பார்சல் கட்டி, சந்தைக்குப் போகும்போது அப்படியே நாமக்கல் போய்க் கூரியரில் போடலாம் என்று எடுத்துக்கொண்டேன். சிற்றிதழ் நண்பருக்கும் ஓர் அட்டை எழுதிப் பையில் வைத்திருந்தேன்: கட்டுரை இல்லை, மன்னிக்கவும்.

அம்மாள் பார்சலைப் பார்த்தார். "என்னங்க சாமி அது?"

"அந்த கேசட்டுங்க. இன்னிக்குத் திருப்பி அனுப்பறேன்."

"அந்த டிரம்முக்காரரு பாடுனது?"

"அதுவும் இதுலதான் இருக்கு. கேக்க முடியலீங்க."

அவர் சாலையின் சரிவை எட்டிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் சொன்னார்: "கண்ணு, எறக்கத்துல நிறுத்தேன்."

"எதுக்குங்க பெரிம்மா?"

"பேட்டரி செத்தா என்ன? சக்கரத்துக்கு வெச்ச கல்ல எடுத்து உட்டா வண்டி தானா உருளப்போவுது. உருண்டா இஞ்சின் புடிச்சுக்கும். நீதான அப்படி நெதம் எடுக்கற?"

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சந்தைக்கு நேரமாயிருமுங்க."

"எம்பட மொளகு எங்க ஓடிப்போவுது?"

"என்ற வாழைக்காயும் ஓடாதுங்க" என்றார் விவசாயி. "பழுத்தா இன்னும் நல்ல வெல."

சாலை அகன்ற ஓர் இடத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க, டிரைவர் வண்டியை நிறுத்தினார். முன்சக்கரத்துக்குக் கல் வைத்தார். இஞ்சினை அணைத்தார். பார்சலைப் பல்லால் கடித்துப் பிரித்து, மூன்றாவது கேசட்டின் மீதி நாடாவைப் பேனாவால் சுற்றி, திருப்பிப் போட்டேன்.

பயிற்சி பெற்ற குரல் இல்லை. மெல்லியது, உச்சத்தில் கொஞ்சம் உடைவது. ஒருவர் தனியாக நடந்து போகும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது போலப் பாடினார். எதையும் நிறுவ முயலவில்லை. பாடிக்கொண்டே டிரம்மும் வாசிக்கிறார் என்பது கேட்டாலே தெரிந்தது. மூச்சு வாங்கும் இடங்களைக் கை பார்த்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரில் இரண்டு குரங்குகள் வந்து வாழைத்தாரைக் கவனித்தன. பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. வளைவு இல்லை, குமிழைத் திருகும் கை இல்லை. அந்தக் கேசட்டுகளில் ஒன்றை முதல் தடவையாக வெட்டில்லாமல் கேட்டேன்.

"அழுவறாரா சிரிக்கறாரா?" என்று அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டும் இல்லீங்க."

"ஆமா. ஊட்டு நெனப்புல இருக்கறாரு."

ஒரு ஹாரன் கேட்டது. எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தோம். கீழே வளைவிலிருந்து நிஜ லாரி ஒன்று ஏறி எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் அன்று மடங்கிய கண்ணாடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு வார்த்தைகள் நின்றன. வாத்தியங்கள் மட்டும் ஓடின. அதன் கடைசிப் பகுதியில் ஆர்கன் மெள்ள மெள்ளக் கனத்தது, தாழ்ந்தது, முனகியது, நின்றது.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் டிரைவர்.

"பாட்டு முடிஞ்சுதா பேட்டரி முடிஞ்சுதான்னு தெரியலீங்க."

அவர் கல்லை எடுத்தார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. இரண்டாவது கியரில் கிளச்சை விட்டதும் உதறிக்கொண்டு இஞ்சின் பிடித்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

"இதுக்கப்புறம் அவரு போயிட்டாருங்களா?" என்றார் அம்மாள்.

"ஆமாங்க. பாட்டே வேண்டாம்னு மத்தவங்க முடிவு பண்ணிட்டாங்க. இன்னொரு தட்டு வரைக்கும் பாடாம வாசிச்சார், அப்புறம் போயிட்டார்."

"மிச்சம் ஒருத்தரு."

"அவரும் சில வருசத்துல போயிட்டார். பேரு மட்டும் அதேதான். உள்ள எல்லாரும் புது ஆளுங்க."

அம்மாள் யோசித்தார். "ஊட்ட வாடகைக்கு உட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றார்.

சிற்றிதழ் நண்பருக்கு எழுதிய அட்டையைப் பேளுக்குறிச்சியிலேயே கிழித்துப் போட்டேன். கட்டுரை இரண்டு மாதம் கழித்து வந்தது. டிரம்மர் பாடிய பக்கத்துக்கு அதில் மூன்று பத்திகள். அதன் முடிவைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. நான் கேட்ட முடிவு பேட்டரி வாசித்தது.

நாங்கள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் தொடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது. அம்மாள் மிளகு விற்றுவிட்டு, முகத்தில் குறையில்லாமல் திரும்பி வந்தார். தொடக்க விலை என்ன என்று வியாபாரிகள் இரண்டு மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், எழுதிக்கொள்ளவில்லை. அந்த வாரம் எங்கள் பேப்பரில் பேளுக்குறிச்சி மிளகு விலை வரவில்லை.