மகாதேவன் கட்டிய ஒற்றுமை

மகாதேவனுக்கு வெள்ளைக்காரரைக் கண்டால் பயம். கறுப்பரைக் கண்டால் அதைவிடப் பயம். 1971இல் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்போர்னுக்கு வந்த பொறியியலாளர் அவர். இன்னும் கறுத்துப்போவேனோ என்று கொளுத்தும் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார்.

1977 ஆவணியில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கண்டியிலிருந்த அவருடைய தங்கையின் வீடு எரிந்தது. தங்கை உயிர்தப்பினாள். மகாதேவன் உண்மையாகவே அழுதார். அழுது முடித்ததும் தலைவராகிவிட்டார். ஸ்பிரிங்வேலில் ஒரு தேவாலய மண்டபத்தை எடுத்து, தனிநாட்டுக்காகத் தமிழர் ஒன்றுபட வேண்டும் என்று கூட்டம் போட்டார்.

தாதியாக வேலைபார்த்த சந்திரகலா, அருகிலிருந்த அகதி விடுதியிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தாள். மகாதேவன் வாசலிலேயே மறித்தார்.

"ஆர் பிள்ளை இவர்?"

"டொமிங்கோஸ். கிழக்குத் திமோர் ஆள். போர்த்துக்கேயரிட்டை இருந்து விடுதலை கேட்டவை. அது எங்கை பிழைச்சது எண்டு சொல்லுவார். எங்களுக்கும் உதவும்."

"கறுப்பனை மேடையில ஏத்தினா வெள்ளையள் எங்களையும் அவங்களோட சேர்த்தெல்லோ பாப்பினம்?"

"அண்ணை, அவர் உங்களை விட வெள்ளை."

மகாதேவன் வழிவிடவில்லை. சந்திரகலா டொமிங்கோசைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவர்கள் பின்னால் நான்கு பேர் எழுந்து போனார்கள். மலையகத்துக்காரி விமலாவும் அதில் ஒருத்தி. தோட்டத் தமிழரும் இந்த ஒற்றுமையில் சேர்த்தியா என்று கேட்டதற்கு, "அதைப் பிறகு பாப்பம்" என்று சற்று முன்புதான் மகாதேவனிடமிருந்து பதில் கிடைத்திருந்தது அவளுக்கு.

குசினியில் தேநீர் குடித்தபடி டொமிங்கோஸ் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். போர்த்துக்கேயர் கிளம்பத் தொடங்கியதும், யார் கலப்பு இரத்தம், யார் சீனர், யார் மலைவாசி என்று ஒருவரையொருவர் பயந்தார்களாம். கட்சிகள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டன. நாலு மாதத்தில் இந்தோனேசியப் படை வந்து இறங்கியது. அவருடைய அண்ணனைக் கொன்றது அந்தப் படையல்ல, பக்கத்துத் தெருக்காரன்.



மண்டபத்தில், ஒற்றுமைக்கு ஒரு சங்கம் அமைக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுத்துப் பேசக்கூடியவர்கள்தான் போய்விட்டார்களே. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த மகாதேவனிடம், கதவு பூட்ட வந்த வெள்ளைக்காரக் காவலாளி, "நீங்களும் அந்த அகதி விடுதி ஆள்தானே?" என்று விசாரித்தார்.

"இல்லை, நான் இன்ஜினியர்" என்றார் மகாதேவன். அது கேட்ட கேள்விக்குப் பதிலல்ல என்பது அவருக்கு உறைக்கவில்லை.

இரண்டு வருடத்தில், யார் எந்த ஊர், யார் என்ன ஆட்கள் என்ற சண்டையில் சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டும் பெயரில் 'ஐக்கிய' என்று போட்டுக்கொண்டன. ஒன்றுக்கு மகாதேவன் தலைவர். டொமிங்கோஸ் கார்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அதே வட்டாரத்தில்தான் குடியிருந்தார். இரண்டு சங்கமும் அவரைக் கூப்பிடவில்லை.