பந்தியில் முதலில் எழுந்துவிடுகிறவர்

சித்திரை மாதத்தில் அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் மதியம் அடுப்பு எரிந்ததே அபூர்வம். திங்களன்று இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். புதனன்று கோயில் உற்சவம். அடுத்த நாள் மாலை பட்டிமன்றம், வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகனுக்கே நிச்சயதார்த்தம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில்கூட நான் இப்படி ஓடியதில்லை. சும்மா சலித்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. பட்டுப்புடவைகளை பீரோவிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுக்கவா வாங்கினேன்?

புதிதாக நடந்தது என்னவென்றால், இந்த முறை என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையில் இருந்தவரை எந்த விசேஷத்துக்கும் நான் தனியாகத்தான் போவேன். "சார் வரலியா?" என்று கேட்பார்கள். "ஷிப்ட்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் ஷிப்டில்தான் இருப்பார். ஒருமுறை மாணவி ஒருத்தியின் அம்மா மட்டும் என் காதருகே குனிந்து, "தப்பா நெனச்சுக்காத டீச்சர், உனக்கு வூட்டுக்காரர்னு ஒருத்தர் கீறாரா இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். அங்கே விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

அதனால் அவர் தாமாகவே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, நான் கொசுவம் வைத்து முடிப்பதற்குள் செருப்புக்கூட மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை திங்கட்கிழமை பந்தி வரைக்கும் நீடித்தது.

பந்தி என்றால் ஒரு மரியாதை உண்டு. பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்காமல் எழக்கூடாது. அதிலும் வயதில் மூத்தவர் எழுந்துவிட்டால் மற்றவர்களும் கை நனைத்தது போதுமென்று எழுந்துவிடுவார்கள். நான் எதிர்வரிசையில் இருந்தேன். எனக்கு அப்போதுதான் இரண்டாம் முறையாக சாம்பார் ஊற்றியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் இவர் இலையை மடித்துவிட்டு நிற்கிறார்! அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரசத்துக்கென்று சோற்றில் குழி பறித்து வைத்திருந்த பெரியவர் ஒருவர், ரசம் வருகிற திசையை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு அவரும் எழுந்தார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பிடித்துக்கொண்டேன். "இன்னாங்க இது, ரயிலு போயிடுமா? அந்தப் பெரியவர் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"வயிறு ரொம்பிடுச்சு, எழுந்துட்டேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை இப்பிடிப் பண்ணீங்கன்னா நம்ம பையனுக்குக் கல்யாணம் நடக்காது. சொல்லிட்டேன்."

நான் மிரட்டலுக்குச் சொல்லவில்லை. பெண் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் குடியேறியவர்கள். மகனும் அந்தப் பெண்ணும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகியவர்கள். பெண்ணின் அப்பா அம்மா சம்மதித்துவிட்டார்கள். தாய்மாமன்தான் முறுக்கிக்கொண்டே இருந்தார். பேச்சுவார்த்தைக்கு வந்த அன்று, பேச்சோடு பேச்சாக, அவர்கள் சொந்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா பாதி இலையில் எழுந்துபோனதால் நின்றுபோன ஒரு சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். "சாப்பாட்டுல எந்திரிச்சுட்டா, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொன்ன மாதிரில்லா" என்றார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே ஒத்திகை வைத்தேன். இலை போட்டுப் பரிமாறினேன். நான் நெய்க்கிண்ணத்தை எடுத்துவர சமையலறைக்குள் போய்த் திரும்புவதற்குள் இலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "மென்னுதான் சாப்பிட்டீங்களா, இல்ல அப்பிடியே முழுங்கிட்டீங்களா?" என்றேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மக்குப் பிள்ளைகளைக் கரையேற்றியவள் நான். இவரை என்னால் ஒரு அப்பளத்தைக்கூட மெதுவாகத் தின்ன வைக்க முடியவில்லை.

புதனன்று கோயிலில் வேறு கூத்து. பிரசாதம் கொடுக்கிற இடத்தில் கூட்டம் முண்டியடித்தது. இவர் போய் நடுவில் நின்று, "லைன்ல வாங்க, லைன்ல வாங்க, எல்லாருக்கும் கீது" என்று கையை ஆட்டி ஆட்டி ஜனங்களை வரிசையாக்கிவிட்டார். ஜனங்களும் யாரோ கோயில் அதிகாரி என்று நினைத்துப் பணிந்துவிட்டார்கள். கடைசியில் புளியோதரை தீர்ந்துபோய், வரிசையை ஒழுங்கு செய்தவருக்குக் கிடைக்கவில்லை. என் தொன்னையில் இருந்ததில் பாதியைக் கொடுத்தேன். பட்டிமன்றத்தில் நடுவர் எழுந்ததும் இவர் கண்ணயர்ந்தார். தீர்ப்பு சொல்லிக் கைதட்டியபோது விழித்து, எல்லோரையும்விட பலமாகக் கைதட்டினார். இதெல்லாம் எனக்குச் சிரிப்புதான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வளைகாப்பில் அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், நன்றாகத்தான் சாப்பிட்டார். கூட்டைத் தொட்டு, பொரியலைத் தொட்டு, இடையில் என்னோடு ஒரு வார்த்தை பேசி. வத்தக்குழம்பு வரைக்கும் வந்துவிட்டோம். அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கத்தான். எல்லா மண்டபத்திலும் நடப்பதுதான். அவ்வளவுதான், இவர் தோள் இரண்டும் விறைத்துக்கொண்டன. இரண்டு வாய் அள்ளிப் போட்டார், இலையை மடித்தார், எழுந்தார். "உக்காரும்மா" என்று அவளுக்கு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கைகழுவும் இடத்தில் போய்ப் பிடித்தேன். திட்டத்தான் போனேன். ஆனால் வேறு மாதிரி கேட்டேன். "பின்னாடி ஆள் நின்னா உங்களுக்கு இன்னா பண்ணுது?"

குழாயை மூடாமலே நின்றார். "கம்பெனி கேன்டீன்ல எடம் கம்மி. ஒரு பேட்ச் எழுந்தாதான் அடுத்த பேட்ச் உக்காரும். மிஷின் லைன்லேர்ந்து வந்தவன் தட்டைப் பிடிச்சிக்கினு முதுகுக்குப் பின்னாடியே நிப்பான். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா அவன் பசி எனக்குத் தெரியும். நான் ஒரு வாய் கூட சாப்பிட்டா அவனுக்கு அந்த ஒரு வாய்க்கு நேரம் போச்சு." கையை வேட்டியில் துடைத்தார். "பசியோட ஒருத்தர் பின்னாடி நிக்கும்போது எனக்கு எறங்கலடி."

திங்கட்கிழமையிலிருந்து இந்த மனுஷனை நான் பேசாத பேச்சில்லை. வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தேன். அவர்தான் பயந்துபோய், "ஞாயித்துக்கிழமை எப்பிடியாவது உக்காந்துடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் சின்ன மண்டபம், கொள்ளாத கூட்டம். தட்டு மாற்றியாகிவிட்டது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்தார்கள். வரிசையின் கடைசி நாற்காலியில் இவர், பக்கத்தில் பெண்ணின் அப்பா. அந்தத் தாய்மாமன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தானே பரிமாறினார். என்னையும் உட்காரச் சொன்னார்கள். நான் ஒரு கணக்குப் போட்டேன். இவர் பின்னால் வேறு யாரும் நிற்காதபடி நானே நின்றுவிட்டால்? "நான் அடுத்த பந்தியில உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் காவல் நின்றேன்.

இதைவிட மடத்தனமான யோசனை எனக்கு வந்ததில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அது அவருக்குத் தெரியும். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீ சாப்பிடல?" என்றார். "பசியில்ல, நீங்க மெதுவா சாப்பிடுங்க" என்றேன். மறுபடி திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, தோள்கள் விறைத்தன. சாம்பார் சோறு பாதி இருக்கும்போதே கை இலையின் நுனிக்குப் போயிற்று. நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். கூட்டத்தில் நான் அவரைத் தொட்டதே அன்றுதான். அதையும் மீறி எழுந்துவிட்டார்.

வத்தக்குழம்பு வாளியோடு தாய்மாமன் எதிரே நின்றார். "என்ன சம்பந்தி, அதுக்குள்ள எந்திரிக்கீங்க? சமையல்ல ஏதும் குறையா?"

வரிசையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா முகம் வெளுத்தது. தூரத்தில் மகன் என்னைப் பார்த்தான்.

இவர் தடுமாறவில்லை. எச்சில் கையை மார்போடு வைத்துக்கொண்டு சொன்னார்: "குறை ஒண்ணுமில்லீங்க. வத்தக்குழம்பு வரும்னு காத்துக்கினுதான் இருந்தேன். என் வூட்டுக்காரி பின்னாடி பசியோட நிக்கிறா. அவளுக்குச் சுகர். எனக்கு எறங்க மாட்டேங்குது."

தாய்மாமன் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளியைத் தரையில் வைத்தார். தானே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வரிசையின் கடைசியில், இவர் பக்கத்தில் போட்டார். இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, "மதினி, உக்காருங்க" என்றார். அதுவரை அவர் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் உட்கார்ந்தேன். இவரும் உட்கார்ந்தார்.

எனக்கு இனிப்பிலிருந்து தொடங்கினார்கள். மற்றவர்கள் மோர் வரை வந்துவிட்டார்கள். நான் அப்போதுதான் சாம்பாரில் இருந்தேன். யாரும் எழவில்லை. சம்பந்தியம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி எழுவது? மொத்த வரிசையும் காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. இவர் ஓர் அப்பளத்தை எறும்பு தின்னும் அளவுக்கு உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் எங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நெருக்கினார்கள். யாரோ என் நாற்காலியைப் பிடித்தார்கள். நான் அவசரமாக ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். அப்போது இவர் திரும்பினார். வாழ்நாளெல்லாம் பின்னால் நின்றவனுக்காக எழுந்தவர், பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் நில்லுங்கப்பா. இவங்க இப்பதான் உக்காந்திருக்காங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு தாய்மாமனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.