கல்யாணக் கேசட்டில் ஒரு திருட்டு முழி

சினிமா விமர்சனம் எழுதுகிறவனுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் என்ன வேலை? எனக்கும் அதே குழப்பம்தான். போன திங்கட்கிழமை ஒரு கான்ஸ்டபிள் வந்து, “இன்ஸ்பெக்டர் கூப்பிடறாருங்க” என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். போன மாதம் திருவண்ணாமலையில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். அங்கே பெண்ணின் அம்மா கழுத்தில் இருந்த சங்கிலி காணாமல் போய்விட்டது. சீரியல் லைட் போட வந்த கீழ்பென்னாத்தூர் பாஷா மேல் சந்தேகம். நான் போனபோது பாஷா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாசலில் அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் கல்யாணக் கேசட்டைப் போட்டார். “படத்துல அவ்ளோ குத்தம் கண்டுபிடிக்கிறீங்களே... இதப் பார்த்துச் சொல்லுங்க சார். நீங்க சரின்னா கேஸ் எழுதிடறேன்.”

தாலி கட்டும்போது சங்கிலி இருக்கிறது. அம்மாவின் பின்னால் பாஷா குனிகிறார். அடுத்து மாலை மாற்றுகிறார்கள் – சங்கிலி இல்லை! பாஷா முகத்தில் திருட்டு முழி வேறு. “இந்த ரெண்டு ஷாட்டுக்கும் நடுவுலதான்...” என்று ஜம்பமாக ஆரம்பித்தேன்.

ஆனால்... மாலை மாற்றும்போது பின்னால் நிற்பவர்கள் கையில் தாம்பூலப் பை. பந்தி போடுவதற்கு முன்பே தாம்பூலம் எப்படி வந்தது?

வீடியோக்காரரைக் கூப்பிட்டு விட்டார்கள். “மொதல்ல மாலை மாத்தறப்போ லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுதுங்க. பாஷா பாய்தான் குனிஞ்சு ஒயரச் சரி பண்ணாரு. சாப்பாடு முடிஞ்சு மறுபடி மாத்தச் சொல்லி எடுத்தேன். கேசட்ல அதத் தூக்கி முன்னாடி சேத்துட்டேன்.”

அடப்பாவி! அந்த ரெண்டு ஷாட்டுக்கு நடுவில் ஒரு முழுப் பந்தியே நடந்திருக்கிறது. மண்டபத்தில் இருந்த யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

“அப்புறம் ஏன்யா அப்படி முழிச்ச?” என்று பாஷாவைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“மூஞ்சிக்கு நேரா வீடியோ லைட்ட அவ்ளோ ஜாஸ்தியா அடிச்சா... கண்ணு கூசாதுங்களா சார்?”

படத்தைப் பற்றித் தப்பாக எழுதினால் டைரக்டர் திட்டுவார், அவ்வளவுதான். இங்கே தப்பாகச் சொன்னால் ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போவான். நடிப்பை எடைபோடத் தெரிந்தவனுக்கு நிஜ முகத்தை எடைபோட யார் லைசென்ஸ் கொடுத்தது? இன்னும் புரியவில்லை.

பாஷாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் எழுந்தேன். இன்ஸ்பெக்டர் கேசட்டை மறுபடி ஓடவிட்டு, ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“பந்தியில அந்தம்மாவை ஒட்டி நிக்கிறது நீங்கதானே? முழியே சரியில்லையே... கொஞ்சம் உட்காருங்க சார்.”