பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பும்

“லிஃப்ட் மறுபடியும் நின்னுடுச்சுப்பா” என்றால், “லிஃப்ட் மறுபடியும் நின்னுடுச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார். “டீ சாப்பிடறீங்களா?” என்றால், “டீ சாப்பிடறீங்களா… சாப்பிடலாம்.” நம்மைக் கேலி செய்கிறாரோ என்று முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி இல்லை. யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னால்தான் அது அவருக்குள் இறங்கும். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக் அவர்.

சட்டைப் பையில் டெஸ்டர், பின் பையில் கிரீஸ் துடைக்கும் துணி. எதைத் தொடுவதற்கு முன்னும் கையைத் துடைத்துக்கொள்வார். கை குலுக்க வந்தவரைக்கூடத் துடைத்து முடிக்கும்வரை நிற்க வைத்துவிடுவார். லிஃப்டில் மட்டும் ஏறவே மாட்டார். உச்சி மாடிவரை படியேறி மூச்சு வாங்க வந்து நிற்பார். “நீங்களே ஏறலேன்னா நாங்க எப்படிங்க ஏறுறது?” என்று கேட்டேன். “நாங்க எப்படிங்க ஏறுறது…” என்று யோசித்துவிட்டு, “அது எந்த லட்சணத்துல ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாதில்ல சார், அதனால ஏறலாம்” என்றார். இந்த மனுஷனிடம் போய்க் கேட்டேனே!

சாப்பாடு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். உச்சி மாடிக்கு மேலே, மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைதான் அவருக்கு அலுவலகம், சாப்பாட்டுக்கூடம் எல்லாம். டிபன் டப்பாவைத் திறந்துவிட்டால் மூடமாட்டார். ஒருமுறை இரண்டாவது மாடிக்காரர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். இவர் மேலிருந்து குனிந்து, “காத்து வருதில்ல? அப்ப இருங்க, இன்னும் ரெண்டு வாய்தான்” என்றார். அந்தக் குடும்பம் இன்றுவரை இவரோடு பேசுவதில்லை.

அந்த அறையின் மூலையில், மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பலகைமேல் இன்னொரு உலகம் வைத்திருக்கிறார். ஒரு வானொலிப் பெட்டி, அதன்மேல் சின்னக் கறுப்புப் பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு பழைய திரை. ஜன்னல் இடுக்கு வழியாகக் கறுப்புக் கேபிள் வெளியே போய், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும் கம்பத்தில் ஏறுகிறது. தூரத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும் வரி, சின்னப் பொட்டலமாக வானொலியில் வரும். இந்தப் பெட்டி அதைக் கேட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல், பலமாகத் திருப்பிச் சொல்லும். மலையடிவாரத்தில் செல்போன் சிக்னல் எடுக்காத ஊர்க்காரர்கள் மழை அளவையும், எந்தச் சாலையில் மரம் விழுந்தது என்பதையும் இதன் வழியாகத்தான் டவுனுக்குள் சொல்கிறார்கள். பொட்டலம் வந்தால் பழந்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். திருப்பிச் சொல்லும்போது சிவப்பு விளக்கு எரியும்.

“ஆனா சார், பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பும். போற வர்றவங்க பேச்சையெல்லாம் வாங்காது” என்றார் பெருமையாக. கூப்பிடுகிறவர் தன் செய்தியில் இந்தப் பெட்டியின் பெயரைச் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். சொல்லி முடித்ததும் பெட்டி தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளும். நான் சொல்லியாச்சு என்று அர்த்தம்.

பெட்டியின் பெயர் கிளி. வைத்தவர் அவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர். கல்யாணத்தன்றே மைத்துனனின் வாயைக் கவனித்து “கிளிப்பிள்ளை” என்று பெயர் சூட்டியவர். இரண்டு பேரும் சேர்ந்து பரீட்சை எழுதி, வானொலி லைசென்ஸ் வாங்கி, கம்பம் நட்டு, இதை நிறுவியிருக்கிறார்கள். லிஃப்ட் மோட்டார் ஓடினால் வானொலியில் ஒரே இரைச்சல். வந்த பொட்டலமெல்லாம் சிதைந்து போயிற்று. கேபிள்களில் இரைச்சலை அடக்கும் இரும்பு வளையம் மாட்டியும் முழுக்கப் போகவில்லை. இன்றும் லிஃப்ட் ஓடும் நேரத்தில் வரும் செய்தி பாதிக்குப் பாதி பாழ்தான்.

பிறகு அத்தான் மலைமேல் ஒரு மரத்தில் இன்னொரு பெட்டியைக் கட்டினார். அந்த நட்சத்திரக் குறியைச் சரியாக அமைக்காமல், சோதனைக்கு “சாப்பிட்டாச்சா” என்று ஒரு வரி அனுப்பிவிட்டார். மலைப்பெட்டி கிளியைக் கேட்டது, கிளி மலைப்பெட்டியைக் கேட்டது. மத்தியானம் முழுக்க இரண்டும் மாறி மாறி, சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா! வீட்டில் அத்தான் வைத்திருந்த வானொலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டது போதும், இதுங்களையுமா?” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். சொல்லும்போது கண்ணில் நீர் வரும் அளவு சிரித்தார்.

கோளாறைச் சரிசெய்த பிறகு அத்தான் அந்த வரியை விடவில்லை. தினமும் மத்தியானம் ஒரே ஒரு தடவை, கிளி வழியாக வீட்டுத் திரைக்கு அந்தக் கேள்வி போகும்படி மலைப்பெட்டியில் அமைத்துவிட்டார். மனைவியிடம் நேரில் கேட்கக் கூச்சப்படுகிற ஆள். போன வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் கேள்வி வந்தது. இயந்திரம்தானே, அதற்கென்ன தெரியும்? அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஊரிலிருந்து மகள் வந்து, “என்னோட வந்துடும்மா” என்று கெஞ்சியும் அசையவில்லை. அதோடு சாப்பாட்டையும் விட்டுவிட்டார். காலையில் அரை டம்ளர் பால், ராத்திரி யாராவது ஊட்டினால் நாலு வாய். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கை வளையல் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போகிறது.

“ஏன்க்கா இப்படிப் பண்றேன்னு கேட்டேன் சார். ‘சாப்பிட்டாச்சுன்னு ஆயிட்டா அப்புறம் எதுக்குடா கேப்பாரு?’ங்கறா.”

இதைச் சொன்னபோது அவர் கையிலிருந்த துணி முறுக்கிக்கொண்டே போனது. “அந்த மலைப்பெட்டியைப் போய்க் கழட்டிட வேண்டியதுதானே?” என்றேன்.

“மலைப்பெட்டியைப் போய்க் கழட்டிட வேண்டியதுதானே” என்றவர், பலகைக்குக் கீழே கை காட்டினார். “அந்தா இருக்கு பாருங்க. கழட்டிக்கிட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சு.”

குனிந்து பார்த்தேன். பாசி படிந்த ஒரு பெட்டி. பேட்டரி உப்பி வெடித்திருந்தது. ஒயர்களெல்லாம் வெட்டிக் கிடந்தன. உள்ளே எறும்புப் புற்று.

“அப்ப இப்ப வர்றது?”

“அப்ப இப்ப வர்றது…” என்றவர், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

யாரோ விளையாடுகிறார்கள் என்றேன். அத்தானின் அழைப்புக்குறியை, அதாவது லைசென்ஸில் கொடுத்த அடையாளப் பெயரை, யார் வேண்டுமானாலும் போடலாமே! அவர் மெல்லத் தலையசைத்தார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது அத்தான் கடைசியில் ஓர் எழுத்தை இழுத்து மூன்று தடவை போடுவாராம். இதிலும் மூன்று. லிஃப்ட் ஓடினால் மற்றவர்கள் செய்தி சிதையும். இது இன்றுவரை சிதைந்ததில்லை. கிளியையே அணைத்தால் மலையடிவார ஊர்கள் வாயடைத்துப் போகும். “அத்தான் குறியை மட்டும் தடுக்கலாம் சார். அதுக்கு வசதி இருக்கு. விரலைக் கொண்டுபோனேன். வர மாட்டேங்குது. உசிரோட இருந்தப்ப ஒருநாள் எதிர்த்துப் பேசினதில்லை.”

“அவரைத் தடுக்க வேணாம். நீங்க உங்க பெட்டி பேரை மாத்திட்டா? கிளின்னுதானே கூப்பிடுது. கிளியே இல்லேன்னா?”

“கிளியே இல்லேன்னா.” இந்த முறை அவர் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் என்னை மேலே கூப்பிட்டார். மலையடிவாரத்துக்காரர்களுக்குப் புதுப் பெயரைச் சாயங்காலம் வானொலியிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிளி என்பதை அழித்துவிட்டு, ஊமை என்று தட்டினார். அவ்வப்போது பெட்டி தன் பெயரைத் தானே வானொலியில் அறிவிக்கும், அதையும் நிறுத்தினார். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

“இன்னிக்கு வராது சார். அக்காகிட்ட நான் போய் உக்காந்து நாலு வாய் ஊட்டிடுவேன். ஞாயித்துக்கிழமை மகளோட ரயில் ஏத்திடுவேன்.” குரல் லேசாகியிருந்தது. டிபன் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு முதல் கவளத்தை உருட்டினார். யாரோ லிஃப்டைக் கூப்பிட, பெரிய சக்கரம் உறுமிக்கொண்டு சுழன்றது. கம்பிக் கயிறுகள் கிரீஸ் மின்ன இறங்கின. வானொலியில் இரைச்சல் ஏறியது.

அதற்கு நடுவே, சுத்தமாக, துணி கிழியும் அந்தச் சத்தம்.

திரையில் ஒரு வரி வந்து நின்றது. அத்தானின் குறி. வழி: ஊமை. பிறகு அந்தக் கேள்வி, கடைசி எழுத்து மூன்று தடவை. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஊமைக்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழுந்தது.

பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தேன்; மலைப்பெட்டி வெட்டிய ஒயர்களோடு அப்படியே கிடந்தது.

பலகைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. எச்சில் படாத இடது கை விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“டேய் தம்பி, பெட்டிக்குப் பேரை மாத்திட்டியா?” அக்காவின் குரலில் கோபமே இல்லை. “இன்னிக்கு ஊமைன்னு கூப்பிடறாருடா உன்னை. பாத்தியா?”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“உன்னைத்தான்டா கேக்கறாரு. நீ சாப்பிட்டாச்சா?”

அவர் திருப்பிச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வாய்க்குப் பக்கத்தில் நின்றுபோயிருந்த கவளத்தை மெல்ல டப்பாவுக்குள் திரும்ப வைத்து, மூடியை அழுத்தி மூடினார்.