அக்கா இடுப்புக்கு ஒரு வண்டி

தையல்காரரின் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காத நேரம் தூங்கும் நேரம் ஒன்றுதான். தெருவே அவரை ‘இஞ்ச் மாமா’ என்றது. எதிரே யார் வந்தாலும் தோளிலிருந்து இடுப்பு வரை கண்ணால் ஒரு தரம் அளந்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த அக்கா விஷயத்தில் அளவு தப்பிப்போனார்.

அம்மா வேலைக்குப் போன காலத்தில் தம்பியைக் கீழே இறக்காமல் வளர்த்தவர் அந்த அக்கா. தையல்காரரின் மூத்த மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இவரிடமிருந்த சின்னக் கார் நிரம்பி வழிந்தது. அவசரத்தில் யாரோ, “அக்காவைப் பின்னால வாடகை வண்டியில ஏத்துங்க, பெட்டி எல்லாம் அதுலதான் வருது” என்று சொல்லிவிட்டார்கள். வந்து இறங்கிய அக்கா நேரே தம்பியிடம் போனார்.

“உன்னை என் இடுப்புல தூக்கித் திரிஞ்சேன்டா. அந்த இடுப்புக்கு உன் வண்டியில இடமில்லை. பெட்டியோட பெட்டியா வந்திருக்கேன், எடுத்து உள்ள வை.”

கல்யாணம் முடிந்ததும் போனவர்தான். அதன் பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய வண்டி வாங்குவது, அக்காவை அதில் முதலில் உட்கார வைப்பது என்று முடிவு கட்டினார்.

கடையில் மூன்று எஸ்யூவிகள் பளபளவென்று நின்றன. விற்பனைக்காரப் பையன் எஞ்சினைப் பற்றி ஆரம்பித்தான்.

“அது ஓடும் தம்பி, ஓடாமலா விப்பீங்க? நடு சீட்டு எத்தனை இஞ்ச்?”

பையன் விவரத்தாளைப் புரட்டினான். இவர் டேப்பை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதல் வண்டியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் தாடையில் இடித்தது.

“இது சீட்டா, உள்பாக்கெட்டா?”

வெளியே நின்ற மனைவி, “அண்ணி அளவுக்குத் தையல் கொஞ்சம் தாராளமா விடுங்க. உட்கார்ந்தா இடுப்பு விரியும்” என்றார்.

“எனக்கே சொல்லித் தர்றியா? அக்கா ரவிக்கையும் பாவாடையும் யார் தைச்சது?”

மூன்றாவது வண்டியின் நடு சீட்டுதான் அவர் கணக்குக்கு ஒத்துவந்தது. நிறம்கூடப் பார்க்காமல் சரி என்றார்.

வீட்டுக்கு வந்த வண்டி அப்படியே நின்றது. அக்கா உட்காராமல் நகராதாம். அதற்கு உள்துணி வைத்து ஓர் உறை தைத்தார். பக்கக் கண்ணாடிகளுக்குக் கை வைத்து, கைக்குப் பொத்தானும் வைத்தார். மூலைக்கடை மெக்கானிக் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அண்ணே, வண்டிக்குச் சட்டை போட்டா மட்டும் போதாது. அப்பப்ப ஓட்டணும். நின்னே கிடந்தா பேட்டரி இறங்கிடும்.”

“அக்கா வரட்டும்.”

“பேட்டரி உங்க அக்காவுக்காகக் காத்திருக்குமா அண்ணே?”

ஆள்மேல் ஆளாகத் தூது போனது. கடைசியில், “பார்க்க மட்டும் வரேன், ஏற மாட்டேன்” என்று பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, உறையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, “மடிப்பு கோணல்” என்றார். தையல்காரருக்கு அந்த ஒரு வார்த்தையே தேனாக இருந்தது. உறையை உருவிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அக்கா ஒரு காலைத் தூக்கினார். கால் படி வரை எட்டவில்லை. மறு காலைத் தூக்கினார். அதுவும் எட்டவில்லை. வாசலில் நின்ற மகள்கள், மருமகன், மனைவி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டேப்பைக் குறுக்கே பிடித்த மனிதர் நெடுக்கே பிடிக்க மறந்திருந்தார்.

“ஏறக் கூடாதுன்னே பார்த்து வாங்கினியா?”

தையல்காரர் உள்ளே ஓடினார். தையல் மிஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலியைத் தூக்கி வந்து போட்டார். அக்கா முக்காலியில் ஒரு கால், தம்பி தோளில் ஒரு கை, வாயில் நூறு வசவு என்று ஏறி உட்கார்ந்தார். சீட்டு அச்சாகப் பொருந்தியது. இடமும் வலமும் தடவிப் பார்த்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை.

தையல்காரர் சாவியைத் திருகினார். வண்டி இரண்டு முறை கனைத்துவிட்டு அடங்கிப்போனது.

மெக்கானிக் வந்தார். “நான் அப்பவே சொன்னேன். கியர் வண்டிதானே, தள்ளினாப் பிடிச்சுக்கும். பெரியம்மா, கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?”

“ஏறினதே பெரும்பாடு. நான் இறங்குறதா இல்லை, தள்ளுங்க.”

மருமகன் வேட்டியை மடித்துக் கட்டினார். மகள்கள் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் மெக்கானிக். தெரு முனை வரை மூச்சு வாங்கத் தள்ளினார்கள். வண்டி உலுக்கிக்கொண்டு உறுமியது.

“நிறுத்தாதீங்க அண்ணே, நின்னா அணைஞ்சிடும்! அப்படியே போங்க!”

தையல்காரர் போனார். பின்னால் குடும்பமே தலைதெறிக்க ஓடி வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

“அக்கா, அவங்களை ஏத்திக்க வேண்டாமா?”

“இடம் எங்கடா இருக்கு? பின்னால வாடகை வண்டியில வரச் சொல்லு. பெட்டிங்களோட.”