குதிகால் பார்க்கும் மிட்சுயோ

மிட்சுயோ அக்கா முதலில் என் செருப்பைத்தான் புரட்டிப் பார்த்தார். வாசலில் கழற்றிவிட்ட ஜோடியை வெளிச்சத்தில் பிடித்து, குதிகால் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்து "ம்ம்" என்றார். யார் வந்தாலும் அப்படித்தான். முகம் அப்புறம்தான்.

"எங்க வலி?"

"வலது தோளு. தூக்கவே முடியல."

"அது நீ சொல்றது. படு."

கட்டைவிரலால் அழுத்தும் ஷியாட்சு அவருக்கு முப்பது வருடத் தொழில். ஆள் குள்ளம். கட்டைவிரல்கள் மட்டும் சோற்றுக் கரண்டிபோல் தட்டையாகிவிட்டன. ஊறுகாய்ப் பிளம் கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே வேலை செய்வார். சந்தேகம் வந்தால் கொட்டை மறு கன்னத்துக்கு மாறும்.

போட்ட துணியோடு பாயில் படுத்தேன். வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு தோளை விட்டுவிட்டு, இடது கெண்டைக்காலில் விரலை ஊன்றி உடம்பின் பாரத்தை மெல்ல இறக்கினார்.

"அக்கா, வலி மேல இருக்கு."

"வலிக்கிற எடம் கத்தி ஊரக் கூட்டும். தப்பு பண்ணினவன் வேற எங்கயாவது வாய மூடிட்டுப் படுத்திருப்பான். ஒரு பக்கம் நெறஞ்சு வழியுது, ஒரு பக்கம் காலியா கெடக்கு. நான் காலியத்தான் தேடுறேன். மூச்ச விடு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திருவிழாவுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. எங்கள் துறைமுகத் தெரு சாமிப் பல்லக்கின் முன்தண்டு இருபத்திரண்டு வருடமாக என் தோளில். பாலத்தில் எங்கள் பல்லக்கும் மேட்டுத் தெருப் பல்லக்கும் முட்டும். முந்துகிற தெரு கோயிலுக்குள் முதலில் நுழையும். மிட்சுயோ அக்காவோ மேட்டுத் தெரு. அவர்களுடைய முன்தண்டு அவர் மகன் கெங்கோவிடம்.

வீட்டில் என் மனைவி நோபுகோ சிரித்தாள். "எதிராளியோட அம்மாகிட்டயே போய் தோளக் குடுத்திருக்கீங்க! உங்க மூளைய எங்க காயப்போட்டிருக்கீங்க?"

ஆனாலும் நான்கு முறை போனேன். நான்கு முறையும் இடது கால், இடுப்பு, பாதம்.

"இந்தக் கால்ல எப்ப அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் இல்லக்கா."

கொட்டை மறு கன்னத்துக்குப் போனது. "பொய்."

பனிக்கிடங்கில் உறைந்த சூரைமீன் இடது பாதத்தில் விழுந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அன்றிலிருந்து அந்தக் குதிகாலை ஊன்றாமல் நடந்துவந்தது எனக்கே தெரியாது.

"காலு பயப்படுது. அது விட்ட பாரத்த தோளு தூக்குது, மடையா."

திருவிழாவன்று மழை. பாலத்தில் முட்டினோம். தோள் தாங்கியது. நாங்கள்தான் முந்தினோம்.

பிறகு கோயில் கூடத்தில் இரண்டு தெருவும் சேர்ந்து சாப்பிட்டது. படியில் செருப்புக் குவியல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மிட்சுயோ அக்கா என்னுடையதைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குதிகாலிலும் சேறு ஒரே அளவு. அடுத்து, மகனின் பெயர் எழுதிய ஜோடி. வலதில் சேறு அப்பியிருந்தது. இடது குதிகால் தரையையே தொடாததுபோல் சுத்தமாக இருந்தது.

கன்னத்துக் கொட்டை அசையவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து, அந்தத் தட்டைக் கட்டைவிரலால் தரையிலிருந்து கொஞ்சம் சேற்றை வழித்து, மகனின் இடது குதிகாலில் அழுத்தித் தேய்த்தார்.